நேரம் பார்க்க ஓர் ஆள்

என் மூத்த மகன் பிறந்தது 1985இல். பிரசவ அறைக்குள் என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அம்மா வெளியே விறாந்தையில் இருந்தார். இடையில் ஒரு பலகைக் கதவுதான். அவர் தொண்டையைச் செருமுவதுகூட எனக்குக் கேட்டது. ஆனால் உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. ஒருவருக்கும் இல்லை. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அதுதான் வழக்கம். அதை யாரும் கேள்வி கேட்டதாக நான் அறியவில்லை.

நான் சத்தம் போட்டேன். நோகும்போது சத்தம் போடுகிற ஆள் நான். பல்லுக்குத்துக்கே வீட்டை இரண்டாக்குவேன். அங்கே வேலைக்கு நின்ற ஒருத்தி வந்து, "அப்ப நல்லாயிருந்தது, இப்ப நோகுதோ?" என்று கேட்டுத் தொடையில் ஓர் அடியும் போட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. பெரிய வகுப்புப் பெடியன்களே என்னைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்குவார்கள். அந்தக் கட்டிலில் நான் ஒன்றுமே இல்லை.

நோ பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நோவைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நான் இங்கே செத்துக் கிடந்தாலும் கொஞ்சம் கழித்துத்தான் யாருக்காவது தெரியவரும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிள்ளை சுகமாகப் பிறந்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இன்னொரு பிள்ளையைப் பற்றி யோசிக்கவே எனக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களுக்கு நாட்டு நிலைமையைக் காரணம் சொன்னேன். அந்த நாட்களில் நாட்டு நிலைமை எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது.

1990இல் மறுபடி சண்டை தொடங்கியதும் அளவெட்டியில் இருந்த எங்கள் வீட்டைச் சுற்றி ஷெல் விழத் தொடங்கியது. பூட்டிவிட்டு உரும்பிராய்க்கு, என் கணவரின் தாயான மாமியின் வீட்டுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இருப்பதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவார். ஆகவே ஒரே குசினியில் நிற்பதற்கு மாமிக்கும் பயிற்சி இல்லை, எனக்கும் இல்லை. நான் தேங்காய் துருவினால் அது முரடு. நான் கறிக்கு உப்புப் போட்டால் அது கூட, அல்லது குறைய. நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. என் கணவர் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தார். அங்கே சாமானே இல்லாத காலத்திலும் விடிந்ததும் கடைக்குப் போய்விடுவார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

மாமி நேரம் பார்க்கிற ஆள். ராகுகாலத்தில் அடுப்பில் உலை வைக்கமாட்டார். மரணயோகம் என்றால் கிணற்றடிக்குப் போகவே யோசிப்பார். செத்துப்போன மாமாவின் கைமணிக்கூடு ஒன்று அவரிடம் இருந்தது. சாவி கொடுத்து ஓட வைக்கிற பழைய மணிக்கூடு. பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வரக்கூடாது என்று தடை போட்டபிறகு ஊரில் இருந்த புது மணிக்கூடுகளெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மாமியுடையது மட்டும் ஓடியது. பின்னேரத்தில் என் கணவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாட வைப்பார். மற்றவர்கள் செய்தி கேட்கக் காத்திருப்போம். செய்திக்கு முன் வருகிற அந்தப் பீப் சத்தத்துக்காகத்தான் மாமி காத்திருப்பார். அதற்கு மணிக்கூட்டைச் சரிபார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். யார் எங்கே செத்தார்கள் என்று கேட்க நிற்கமாட்டார்.

அந்த வீட்டில்தான் 1991இல் நான் இரண்டாம் முறை பிள்ளைத்தாய்ச்சியானேன். அம்மா அதற்கு முன்னமே லண்டனுக்கு அக்காவிடம் போயிருந்தார். கடிதங்கள் கொழும்பிலிருந்து யாராவது வந்தால் கையோடு வரும். அப்படி வந்த ஒன்றில் அக்கா ஒரு புதினமான சேதி எழுதியிருந்தாள். அங்கே பிள்ளை பெறப்போகிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவமாதிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பார்களாம். பிரசவத் திட்டம் என்று அதற்குப் பெயராம். அவளும் கொடுத்தாளாம். வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி, மெல்லிய பாட்டுப் போடச் சொல்லி, அத்தான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லி.

வாசித்து வயிறு குலுங்கச் சிரித்தேன். வெளிச்சத்தை எங்களுக்கு அரசாங்கமே குறைத்துத் தந்திருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும்தான் வீட்டுக்கு வீடு. பாட்டுக்குப் பதிலாக ஹெலிகொப்டர் சத்தம் வரும். ஆனால் அத்தான் பக்கத்தில் நின்றார் என்ற வரியில் என் சிரிப்பு நின்றுபோனது. அக்காவுக்கு ஓர் ஆள் இருந்தது. எனக்கும் ஓர் ஆள் வேண்டும். கணவர் வேண்டுமென்று கேட்டால் ஆஸ்பத்திரி சிரிக்கும், ஊரும் சிரிக்கும். அவர் மயங்கியும் விழுவார். ஒரு பெண்ணாவது நிற்கட்டும் என்று தோன்றியது. அன்றைக்கே எழுதினேன்.

நான் எழுதியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. என் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது முதலாவது. அதன்கீழ் கோடும் போட்டேன். நோ முற்றும்வரை நடக்க விட வேண்டும், அடிக்கக் கூடாது, வெட்டுவதென்றால் முதலில் சொல்லிவிட்டு வெட்ட வேண்டும், இப்படி இன்னும் சில. ஆஸ்பத்திரிக்கு எந்த ஒழுங்கையால் போவது, ஷெல் அடித்தால் எந்த ஒழுங்கையால் போவது என்பதையும் அதில் சேர்த்தேன். அக்காவின் திட்டத்தில் அது இருந்திராது.

கணவர் வாசித்துவிட்டு என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உதைக் குடுத்தால் மிஸி உமக்கு விசரெண்டு நினைப்பா" என்றார்.

"நினைக்கட்டும். விசரியெண்டாலும் அடிக்க யோசிப்பினம்."

பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில்தான் கிளினிக். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிற மருத்துவமாது நடுத்தர வயதுக்காரி, அதிகம் கதைக்கமாட்டார். என் தாளை வாங்கி நின்ற நிலையிலேயே கடைசிவரை வாசித்தார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

"நடக்கலாம். ஏனெண்டால் படுக்கக் கட்டில் இல்லை" என்றார். "அடி, அது நான் இருக்கேக்கை நடக்காது. வெட்ட முதல் சொல்லிறன். ஆனா ஆளை விடேலாது டீச்சர். உங்களை விட்டால் எல்லாரும் கேப்பினம். ரெண்டு பேர் வேலை செய்யிற அறைக்குள்ளை பத்துப் பேர் நிண்டால் நான் ஆரைப் பாக்கிறது?"

கேட்டதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காத அந்த ஒன்றுக்காகத்தான் மற்றவற்றையும் எழுதினேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தலையைத் திருப்பினேன். சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு நின்றுபோய்க் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"உதுவும் செத்துப் போச்சு" என்றார். பிறகு ஏதோ அடக்கி வைத்திருந்தது அவிழ்ந்ததைப்போலக் கதைக்கத் தொடங்கினார். போன கிழமை ஒரு வீட்டார் பஞ்சாங்கத்தோடு வந்து சண்டை பிடித்தார்களாம். இவர் சொன்ன நேரத்துக்குக் குறிப்பு எழுதினால் பிள்ளைக்குத் தகப்பனோடு ஒத்துவராத லக்கினம் வருகிறதாம். சரியான நேரத்தைச் சொல் என்று நின்றார்களாம். "பிள்ளையின்ரை தலையைப் பிடிக்கிறதோ, மணிக்கூட்டைப் பாக்கிறதோ? எனக்குக் கை ரெண்டுதானே. என்ரை மணிக்கூடும் ஓடேல்லை. மனத்துக்குப் பட்டதைத்தான் சொல்லி விடுறன். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் குழம்பினாலும் பழி எனக்குத்தான்."

எனக்கு அப்போது வந்த யோசனைக்கு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"மிஸி, நான் நேரம் பாக்க ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன். ஓடுற மணிக்கூட்டோடை."

அவர் என்னை நேராகப் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியது எனக்கும் விளங்கியது.

"மணிக்கூடு வாறதெண்டால் அதைப் பிடிக்கிற கையும் வரத்தானே வேணும்" என்றார். "பொம்பிளை ஆளாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. டொக்டர் கேட்டால் நான் சொல்லிறன்."

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்குத் துணை வேண்டும் என்றால் ஆயிரம் நியாயம் கேட்பார்கள். சாதகத்துக்கு நேரம் வேண்டும் என்றால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த வாசலால்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

என்னோடு படிப்பிக்கிற சிநேகிதி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் எண்ணம். நல்ல நெஞ்சுரம் உள்ளவள், பகிடி விட்டுச் சிரிக்கவும் வைப்பாள். மாமியிடம் மணிக்கூட்டை ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன்.

"உது என்ரை கையை விட்டு ஒரிடமும் போகாது" என்றார் மாமி. "நானே வாறன்."

"இல்லை மாமி, உங்களுக்கேன் சிரமம்."

"என்ன சிரமம்? பேரப்பிள்ளையின்ரை நேரம் பிழைச்சால் ஆருக்குச் சிரமம்? அண்ணைக்கு நான் என்ன மறுமொழி சொல்லிறது?"

அண்ணை என்று மாமி சொன்னது தன் தமையனை. அடுத்த ஒழுங்கையில் இருந்தார். தபாற்கந்தோரில் இருந்து இளைப்பாறியபிறகு சாதகம் கணிப்பதுதான் அவருக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பிறந்த எல்லோருடைய குறிப்பும் அவருடைய கையெழுத்தில்தான் இருந்தது. நேரம் இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்பது மாமிக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

அன்றைக்கு நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். என் திட்டத்தை எழுதினவள் நான். அதைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தவளும் நான். ஆள் வேண்டும் என்று கேட்டேன், மாமி வேண்டும் என்று கேட்கவில்லை. தேங்காய்த் துருவலில் பிழை பிடிக்கிறவர் நான் பிள்ளை பெறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறார். கணவரிடம் சொன்னால், "ஆரோ ஒராள் வேணுமெண்டுதானே சொன்னீர்?" என்றார். அந்த மனிசனோடு கதைத்துப் பிரயோசனமில்லை.

ஒரு காலைப்பொழுதில் நோ தொடங்கியது. சைக்கிளில் போவதாகத்தான் திட்டம். கரியரில் ஏறி இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் மண்ணெண்ணெயில் ஓடுகிற தன் லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் போட்டு என்னை ஏற்றினார்கள். வெங்காயம் சந்தைக்குப் போவதைப்போல நான் போனேன். மாமி பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். நல்ல நேரத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது அவருக்குத் திருப்தி. றோட்டில் பள்ளம் கிடங்கில் விழுந்து எழும்பும்போதெல்லாம் நான் கத்தினேன். மாமி மணிக்கூடு கட்டிய கையைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவமாது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "நேரம் பாக்க வந்த அம்மா, உள்ளுக்கு வாங்கோ" என்று எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டார். விறாந்தையில் இருந்த மற்ற வீட்டார் பொறாமையோடு பார்த்தார்கள். மணிக்கூட்டைத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

உள்ளே போனதும் மாமி வெளிச்சம் தேடி யன்னலடிக்குப் போனார். மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அப்படியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நின்றுவிட்டார்.

என்ன சொல்வது! பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று எழுதியவள், அந்த ஆள் என்னைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று எழுத மறந்துபோனேன். மாமியின் கொண்டையும் சட்டையின் பின்பக்கமும்தான் எனக்குத் தெரிந்தன. நோ வந்தது, போனது, வந்தது. மாமி அசையவில்லை. பழைய பயம் திரும்பி வந்தது. அறைக்குள் ஆள் இருந்தும் நான் தனியாகத்தான் கிடக்கிறேன் என்பது முதல்முறையைவிடக் கேவலமாக இருந்தது. நான் ஓலம் வைத்தேன்.

அறையைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண், "உதென்ன ஊரைக் கூட்டுற சத்தம்? வாயை மூடும்" என்றாள்.

மாமி திரும்பினார். முதலில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. மாமியின் முகம் மாறிப்போனது எனக்குத் தெரிந்தது.

"அவளைக் கத்த விடும்" என்றார் அந்தப் பெண்ணிடம். சத்தமாகச் சொல்லவில்லை. "நோகுது, கத்திறாள். உமக்கென்ன?"

யன்னலை விட்டுவிட்டு என் தலைமாட்டுக்கு வந்தார். மணிக்கூட்டை எங்கே வைத்தார் என்று நான் காணவில்லை. பிறகுதான் தெரிந்தது, சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருக்கிறார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. ஒன்றை என் பிடரிக்குக் கீழே கொடுத்தார். மற்றதை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்தேன் என்றால், அடுத்த நாள் அந்தக் கையில் என் நகக்குறிகள் இருந்தன.

"கத்து பிள்ளை" என்றார். "நல்லாக் கத்து. நான் நிக்கிறன்."

மாமி என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. அதுவரை "இஞ்சை" அல்லது "கேட்டியே" தான். எனக்கு அந்த நோவுக்குள்ளும் அது விளங்கியது. மருத்துவமாது குனிந்து, "டீச்சர், இப்ப வெட்டப்போறன்" என்று சொல்லிவிட்டு வெட்டினார். எழுதிக் கொடுத்ததை மறக்கவில்லை. சொல்லிவிட்டு வெட்டினாலும் நோகத்தான் செய்தது. ஆனால் நான் ஒரு மனுசி என்று ஞாபகம் இருந்தது.

பிள்ளை வந்தது. அழவில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அறையில் ஒருவரும் கதைக்கவில்லை என்பதுதான். எழும்பிப் பார்க்க முயன்றேன். மாமி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய வயிறு நடுங்கியது. நான் தனியாகப் பயப்படவில்லை. அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பயம் அதே அளவுதான், ஆனால் இரண்டு பேருக்கு இருந்தது.

பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. மருத்துவமாது அதைச் சீலையில் சுற்றியபடி, "அம்மா, நேரம் சொல்லுங்கோ" என்றார்.

மாமி இடுப்பைத் தடவினார். முடிச்சை அவிழ்க்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். இனிப் பார்த்து என்ன? பிள்ளை பிறந்து, அழாமல் கிடந்து, அழுது, துடைத்தும் ஆகிவிட்டது. அதில் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

"நான் பாக்கேல்லை" என்றார்.

மருத்துவமாது பிள்ளையை என் நெஞ்சில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு பெண்கள் பார்க்க வந்தார்கள். பிள்ளை பிறந்த தீட்டுள்ள துடக்கு வீடு என்று வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளையைப் பற்றி இரண்டு சொல் கேட்டுவிட்டு, குரலைத் தணித்து, "மாமி உள்ளுக்கு நிண்டவாவாம், மெய்யோ?" என்பார்கள். நான் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். என் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஓர் இளம் ஆசிரியைக்கு அந்த மாதமே பிரசவம். தன் தமக்கையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தமக்கையின் கையில் இருந்தது ஒரு வருஷத்துக்கு மேலாக நின்றுபோன மணிக்கூடு. மருத்துவமாது அதைப் பார்த்து, "உது ஓடேல்லையே" என்றாராம். "ஓடும் மிஸி, இப்ப களைச்சுப்போய் நிக்குது" என்றாளாம் தமக்கை. உள்ளே விட்டுவிட்டார். இன்னொரு பெண் வேறோர் ஆஸ்பத்திரியில் இதே கதையைச் சொல்லப்போய் ஏச்சு வாங்கினாள். அவளை எல்லோரையும்போலத் தனியாகத்தான் படுக்க வைத்தார்கள். அவள் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆசை காட்டிவிட்டேன் என்ற கோபம் இருந்திருக்கும், அது நியாயம்தான்.

மாமியின் தமையன் பிள்ளை பிறந்த அன்றே ஆஸ்பத்திரி விறாந்தைக்கு வந்து நேரம் கேட்டார். "பிறகு சொல்லிறன் அண்ணை" என்று மாமி அனுப்பிவிட்டார். அடுத்த கிழமை வாசற்படலையில் நின்று கேட்டார். அப்போதும் பிறகுதான். மாமிக்கு வெட்கம் என்று நான் நினைத்தேன். ஏதாவது ஒரு நேரத்தை மனதுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார் என்றும் நினைத்தேன். ஒன்றைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது, மருத்துவமாது காட்டிக் கொடுக்கமாட்டார். அப்படி ஒன்றைச் சொல்லட்டும் என்றுகூட எனக்கு இருந்தது. நான் கேட்ட துணைக்காக அந்தக் கிழவி தமையனிடம் தலைகுனிய வேண்டியதில்லை.

அதற்காக எங்களுக்குள் எல்லாம் தேனும் பாலும் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மிளகும் மல்லியும் அரைத்த சரக்குக்கறியை மூன்று நேரமும் தின்னச் சொல்லி மாமி நின்றார், நான் மறுத்தேன், இருவரும் நன்றாகச் சண்டை பிடித்தோம்.

முப்பத்தொரு நாள் கழிந்து துடக்கு நீங்கிய அன்று ஐயர் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். மத்தியானம் தமையனுக்குச் சாப்பாடு. அவர் பஞ்சாங்கத்தோடும் கொப்பியோடும் வந்து கூடத்தில் இருந்தார். என் கணவர் பக்கத்தில். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலில் இருந்தேன்.

"இண்டைக்காவது சொல்லு" என்றார். "அண்டைக்கு மத்தியானத்துக்குக் கிட்ட லக்கினம் மாறுது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எண்டு எனக்குத் தெரிய வேணும். உத்தேசமாச் சொன்னாலும் காணும்."

மாமி வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது அண்ணை. நான் பாக்கேல்லை."

தமையன் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

"மணிக்கூட்டோடை உள்ளுக்கை போய் நிண்டு என்ன செய்தனி?"

"பெத்தவளைப் பாத்தனான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி விடவில்லை. இலையைக் கீழே வைத்தார். குரல் மட்டும் ஏறவில்லை.

"நான் ஏழு பெத்தனான் அண்ணை. ஏழு பேற்றை நேரமும் உங்கடை கொப்பியிலை வடிவா எழுதிக் கிடக்கு. ஒவ்வொருக்காலும் கதவுக்கு வெளியிலை நிண்டு நேரத்தைக் கேட்டனீங்கள். நான் இருக்கிறனோ செத்துப்போனனோ எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. அவரும் கேக்கேல்லை. நானும் அதைக் கேக்க வேண்டிய ஒண்டெண்டு நினைக்கேல்லை. அண்டைக்கு இவளின்ரை முகத்தைப் பாத்தாப் பிறகுதான், நானும் இப்பிடித்தானே கிடந்திருப்பன் எண்டு நினைச்சன்."

அவர் எழுதுகோலை மூடினார். கொப்பியையும் மூடி வைத்தார். நல்ல மனிதர்தான், கெட்டவர் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உமக்கு உடம்பு இப்ப எப்பிடி?"

பிள்ளை பிறந்து ஒரு மாதம். பார்க்க வந்த ஆண்களில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். சுகம் மாமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை. எல்லோர் முன்னாலும், பல்லுக்குத்துக்கு அழுவதுபோலச் சத்தமாக அழுதேன். ஒருவரும் என்னை வாயை மூடச் சொல்லவில்லை. மாமி தமையனுக்குச் சோறு போடுவதை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.